கண்மாய்ப் பறவைகளை எண்ண ட்ரோன் எடுத்துப் போகிறவர்களுக்கு

திருப்பத்தூரில் எனக்கு ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று வருடம் முழுக்கக் கேமராவோடுதான் பிழைப்பு. ட்ரோன் வாங்கியதும் கல்யாண வீடியோவுக்காகத்தான். ஆறு வருடங்களுக்கு முன்னால், பறவைக் கணக்கெடுப்புக்குப் போய்வரும் பள்ளி ஆசிரியர் ஒருவர், “மேலேயிருந்து ஒரு தடவை படம் எடுத்துக் கொடுங்களேன், கூடுகளை எண்ண வசதியாக இருக்கும்” என்று கேட்டார். சரி என்று கிளம்பிவிட்டேன்.

அன்று நடந்ததைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. காலை பத்தரை மணி. வெயில் ஏறிவிட்டது. கண்மாய்க் கரையில் நின்று ட்ரோனை ஏற்றி, மாப்பிள்ளை அழைப்பு எடுக்கிற மாதிரியே தாழப் பறக்கவிட்டு மரங்களை நோக்கிப் பக்கவாட்டில் கொண்டுபோனேன். உள்வாயில் நாட்டுக் கருவேல மரங்கள், மரத்துக்கு மரம் நத்தைகொத்தி நாரைகளின் கூடுகள். ட்ரோன் இன்னும் முப்பது மீட்டர் தள்ளி இருக்கும்போதே தோப்பு மொத்தமும் எழும்பிவிட்டது. திரையில் பார்க்க அத்தனை அழகாக இருந்தது. நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற நீர்ப்பாய்ச்சிப் பெரியவர் என் தோளைத் தட்டி, “தம்பி, முதல்ல அதை இறக்கு. அங்க பாரு” என்றார்.

ஆசிரியரின் பைனாகுலரை வாங்கிப் பார்த்தேன். காகங்கள் கூடுகளில் வந்து உட்கார்ந்துவிட்டன. ஒன்று முட்டையைக் கொத்திக்கொண்டிருந்தது. இன்னொரு கூட்டில் இரண்டு குஞ்சுகள். சரியாக இறகு முளைக்காத உடம்பு, வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. பெரிய பறவை அங்கே நின்றிருந்தால் இறக்கையை விரித்து நிழல் கொடுத்திருக்கும். அது அப்போது எனக்குத் தெரியாது, பெரியவர்தான் சொன்னார். எல்லாப் பறவைகளும் திரும்பி அமர இருபது நிமிடம் ஆனது. அந்த வீடியோவை நான் யாருக்கும் காட்டவில்லை.

இதைவிடப் பெரிய விபரீதங்களும் நடந்திருக்கின்றன. 2021 மே மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், போல்சா சிக்கா என்ற சதுப்பு நிலக் காப்பகத்தில், ஆலா என்ற நீர்ப்பறவைகள் முட்டையிட்டிருந்த திட்டில் அனுமதியில்லாத ட்ரோன் ஒன்று விழுந்தது. பயந்துபோன ஆலாக்கள் கூட்டத்தோடு கிளம்பிவிட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் பொரியாமலே கிடந்தன.

அதனால் கீழே சொல்வதெல்லாம் ஒரே விஷயத்துக்காகத்தான்: ட்ரோனை எவ்வளவு அருகில் கொண்டுபோகலாம், எப்போது திருப்ப வேண்டும் என்பதைப் பறவைதான் முடிவு செய்ய வேண்டும். திரையைப் பார்ப்பவருக்கு அது தெரியாது. பறவையையே பார்த்துக்கொண்டிருக்க இன்னொரு ஆள் வேண்டும்.

எதற்கு எந்தக் கேமரா

முதலில் எதை எண்ணப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். மர உச்சியில் இருக்கும் கூடுகளுக்கு ட்ரோன் நல்லது. கரையிலிருந்து பார்த்தால் முன்வரிசை மரங்கள் பின்வரிசையை மறைத்துவிடும், மேலேயிருந்து அந்தச் சிக்கல் இல்லை. 2018-இல் ஆஸ்திரேலியாவில் இதைச் சோதித்தார்கள். அடிலெய்டு அருகே கடற்கரையில் ஆயிரக்கணக்கான பிளாஸ்டிக் வாத்துகளைப் பரப்பி, எத்தனை இருக்கின்றன என்பதை அனுபவசாலிகளை விட்டுத் தரையிலிருந்து எண்ணச் சொன்னார்கள். ட்ரோன் படத்தை வைத்தும் எண்ணினார்கள். ட்ரோன் கணக்குத்தான் உண்மைக்குக் கிட்ட வந்தது. ஆனால் பிளாஸ்டிக் வாத்து பறந்து போகாது என்பதை மறந்துவிடக் கூடாது.

தண்ணீரில் மிதக்கிற கூட்டத்துக்கு, அதாவது சிறகிகள், புள்ளிமூக்கு வாத்து, நாமக்கோழி இவற்றுக்கு, நான் ட்ரோன் எடுப்பதே இல்லை. குளிர்காலத்து வாத்துக் கூட்டம் சட்டென்று எழும்பிவிடும். கரையில் காலை வெயில் முதுகில் படும்படி நின்று, பைனாகுலரிலோ டெலஸ்கோப்பிலோ பத்துப் பத்தாக எண்ணினால் போதும். சம்பங்கோரைக்குள் ஒளிகிற நீலத் தாழைக்கோழி, இரவில் நீர் குடிக்க வருகிற காட்டுப்பூனை, கீரி, நரி இவற்றுக்கெல்லாம் கம்பத்தில் கட்டுகிற தானியங்கிக் கேமராதான். இராக்கொக்கு மரத்தின் நடுக்கிளையில் இலை மறைவில் கூடு கட்டும், மேலேயிருந்து பாதி தெரியாது. அதைக் கரையிலிருந்தும் எண்ணி, படத்திலும் எண்ணி, இரண்டையும் தனித்தனியாகக் குறித்துவைக்க வேண்டும். கூட்டிப் போட்டுவிடாதீர்கள்.

அனுமதி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தாண்டிப் போகாதீர்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977-இல் அறிவித்தது. வேட்டங்குடி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள். பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர்கள் அவை. அங்கே வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ட்ரோனைப் பையை விட்டு வெளியே எடுக்கவே கூடாது. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 இருக்கிறது. மாவட்ட வன அலுவலர் மூலமாகத் தலைமை வனஉயிரினக் காப்பாளருக்கு மனு போக வேண்டும். கணக்கெடுப்புக் குழுவோடு சேர்ந்து கேட்டால் காரணம் சொல்வது சுலபம்.

சரணாலயத்துக்கு வெளியே உள்ள கண்மாய் என்றால் அது யாருடையது என்று பாருங்கள். நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ளது நீர்வளத் துறையிடம் இருக்கும், அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியத்திடம். கேட்டுக்கொண்டு போங்கள். ஊர்க்காரர்களிடமும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். மீன் குத்தகை எடுத்தவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், அவர் கண்மாயை நம்மைவிட அதிகம் பார்க்கிறவர்.

ட்ரோனுக்கு 2021-இல் வந்த ட்ரோன் விதிகள் உண்டு. தனி அடையாள எண் வாங்கியிருக்க வேண்டும். பறக்கப் போகிற இடம் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பச்சையிலும் 400 அடிக்கு மேல் போகக் கூடாது. எப்போதும் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே வைத்திருக்க வேண்டும். கூலிக்குப் பறப்பவர் என்றால் ரிமோட் பைலட் சான்றிதழும் வேண்டும், கல்யாண வீடியோக்காரர்களுக்கு இது பொருந்தும்.

முதல் நாள் ட்ரோனை வீட்டிலேயே வையுங்கள்

ஒரு காலை, ஒரு மாலை கரையில் சும்மா உட்காருங்கள். எந்த மரத்தில் எந்தப் பறவை, எந்தப் பக்கமிருந்து இரைக்குப் போய் வருகின்றன, காகம் எங்கே உட்கார்ந்திருக்கிறது, செம்பருந்து கூடு பக்கத்தில் இருக்கிறதா என்றெல்லாம் ஒரு நோட்டில் படம் போட்டுக்கொள்ளுங்கள். நத்தைகொத்திகளின் வரத்துப்பாதை தெரிந்தால் அதற்குக் குறுக்கே போகாமல் இருக்கலாம். ஆள்காட்டிக் குருவி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். அது கத்த ஆரம்பித்தால் கண்மாய் மொத்தமும் கழுத்தை நிமிர்த்தும். அது இருக்கிற பக்கமிருந்து ட்ரோனை ஏற்றாதீர்கள்.

காலத்தையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்த பிறகு கூடு கட்டுவார்கள். (பறவைகளை ‘கட்டுவார்கள்’ என்றுதான் பெரியவர் சொல்வார், எனக்கும் ஒட்டிக்கொண்டது.) ஜோடி சேர்ந்து சுள்ளி சுமக்கிற முதல் இரண்டு வாரத்தில் தொந்தரவு செய்தால் இடத்தையே விட்டுப் போய்விடக்கூடும். அப்போது பறக்கவே வேண்டாம். குஞ்சுகள் வளர்ந்து, கூட்டிலிருந்து கிளைக்கு நடந்து பழகுகிற சமயத்திலும் வேண்டாம், மிரண்டு தண்ணீரில் விழும். நடுவில் அடைகாக்கிற காலத்தில், வருடத்துக்கு இரண்டே தடவை நான் பறக்கிறேன்.

பறக்கும் நாள்

காலை ஏழு மணியிலிருந்து எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் குஞ்சுகளுக்கு ஆபத்து என்று சொன்னேன். படத்துக்கும் அதுவே நல்ல நேரம். சூரியன் உச்சிக்குப் போகப் போக நேர் கீழே பார்க்கிற கேமராவில் தண்ணீர் கண்ணாடி மாதிரி பளீரென்று அடிக்கும், வெள்ளைப் பறவையும் அந்தப் பளபளப்பும் ஒன்றாகிவிடும். காற்று இருந்தால் அன்று விட்டுவிடுங்கள். காற்றை எதிர்த்து நிற்க மோட்டார் கூடுதலாகச் சுற்றும், சத்தமும் கூடும்.

ஏற்றுகிற இடம் கூடுகளிலிருந்து குறைந்தது 150 மீட்டர் தள்ளி இருக்கட்டும். உபரி நீர் வழிகிற கலுங்குப் பக்கம் வெட்டவெளி இருந்தால் அங்கே. ட்ரோனை அங்கேயே நேராக எண்பது மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிட்டு, பிறகு அதே உயரத்தில் மெதுவாகத் தோப்பு மேல் கொண்டுபோங்கள். நொடிக்கு மூன்று மீட்டர் வேகம் போதும். பறவைகளின் தலைக்கு நேர் மேலே வந்து கடகடவென்று இறக்கக் கூடாது. 2015-இல் பிரான்சில் வாத்துகள், பூநாரைகள், பச்சைக்காலிகள் இவற்றை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சாய்வாக வந்த ட்ரோனைப் பல தடவை பொறுத்துக்கொண்ட பறவைகள், செங்குத்தாக மேலேயிருந்து இறங்கியதைப் பொறுக்கவில்லை. பருந்து அடிக்க வருவது அப்படித்தானே.

எண்பது மீட்டரில் இரண்டு நிமிடம் அசையாமல் நிறுத்துங்கள். இப்போது உங்கள் பங்காளியின் வேலை ஆரம்பிக்கிறது. என் பங்காளி அந்த ஆசிரியர். பைனாகுலரில் அவர் பார்ப்பது இதைத்தான்: இறகு கோதிக்கொண்டிருந்த பறவை கோதுவதை நிறுத்துகிறதா, கழுத்து நீள்கிறதா, அடைகாத்த பறவை எழுந்து நிற்கிறதா, இறக்கை பாதி விரிகிறதா. ஒன்றிரண்டு தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கோத ஆரம்பித்தால் அவர் “ம்” என்பார். அடைகாத்தவை எழுந்தால் “போதும்” என்பார். “போதும்” என்ற பிறகு ஒரு படம்கூட எடுப்பதில்லை என்பது எங்களுக்குள் பேச்சு. வந்த வழியே அதே உயரத்தில் வெளியே வந்து, தள்ளிப்போய்த்தான் இறக்குவேன்.

“ம்” கிடைத்தால் எழுபது, அறுபது என்று பத்துப் பத்து மீட்டராக, ஒவ்வொரு படியிலும் நின்று கேட்டுக்கொண்டு இறங்கலாம். தோப்புக்கு வெளியே வந்து இறங்கி, அந்த உயரத்தில் மறுபடி உள்ளே போக வேண்டும். அறுபதுக்குக் கீழே எனக்குத் தேவைப்பட்டதில்லை. கணக்கைப் பாருங்கள். என் ட்ரோனில் ‘ஒரு அங்குல’ சென்சார் (பெயர்தான் அப்படி), உண்மையான அகலம் 13.2 மில்லிமீட்டர், லென்ஸ் குவியத்தூரம் ஏறக்குறைய 10.3 மில்லிமீட்டர், படத்தின் அகலம் 5472 புள்ளிகள். சென்சார் அகலத்தை உயரத்தால் பெருக்கி, குவியத்தூரத்தாலும் புள்ளிகளின் எண்ணிக்கையாலும் வகுத்தால், அறுபது மீட்டரில் ஒரு புள்ளிக்கு 1.4 சென்டிமீட்டர் வருகிறது. நத்தைகொத்தி அலகிலிருந்து வால் வரை ஏறக்குறைய 68 சென்டிமீட்டர், படத்தில் நாற்பது ஐம்பது புள்ளி நீளத்துக்கு விழும். எண்ணுவதற்கு அது தாராளம். உங்கள் ட்ரோனுக்கும் இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போங்கள். சின்ன சென்சார் என்றால் கண்மாய்க்குப் போகும் முன் மொட்டைமாடியில் ஒரு வெள்ளைத் துண்டை மடித்துப் போட்டு, அதே உயரத்திலிருந்து எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

ஒரு நுணுக்கம். திரையில் காட்டுகிற உயரம் நீங்கள் ஏற்றிய இடத்திலிருந்து அளந்தது. கரைமேல் நின்று ஏற்றினால் கரையின் உயரத்தைக் கூட்டி, மரத்தின் உயரத்தைக் கழித்தால்தான் மர உச்சிக்கு மேலே எவ்வளவு இடைவெளி என்று தெரியும். பறவைக்கு அந்த இடைவெளிதான் முக்கியம்.

வெள்ளைப் பறவைகள் படத்தில் வெந்துபோன மாதிரி ஆகிவிடும். கொக்கு, அரிவாள்மூக்கன் எல்லாம் வெறும் வெள்ளைச் சொட்டாக நிற்கும், இறக்கை எது கழுத்து எது தெரியாது. அதனால் எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து வையுங்கள். கீழே நிழல் கறுத்தால் பரவாயில்லை, பிறகு கணினியில் தூக்கிக்கொள்ளலாம், வெந்த வெள்ளையை மீட்க முடியாது. ஷட்டர் வேகம் 1/800 நொடி அல்லது அதைவிட வேகமாக இருக்கட்டும். வீடியோ வேண்டாம், தனிப்படங்களாக எடுங்கள்.

நூற்றுக்கணக்கான படங்களை ஒட்டி ஒரே பெரிய வரைபடமாக்குகிற வழியும் உண்டு. வெப்ஓடிஎம் என்ற திறமூல மென்பொருளில் அதைச் செய்யலாம். நீர்ப்பரப்பு, ஆகாயத்தாமரை எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கெல்லாம் அது சரி. பறவைகளுக்கு எனக்குப் பிடிக்கவில்லை. படத்துக்குப் படம் பறவை நகரும், ஒட்டும்போது ஒன்று இரண்டாகும் அல்லது காணாமல் போகும். அதோடு எழுபது எண்பது சதவீதம் ஒன்றின்மேல் ஒன்று படிய எடுக்க வேண்டியிருப்பதால் தோப்பு மேல் அதிக நேரம் நிற்க வேண்டும். அறுபது மீட்டரில் ஒரு படம் ஏறக்குறைய 77-க்கு 51 மீட்டர் பரப்பைப் பிடிக்கிறது. எங்கள் தோப்பை எட்டுப் படத்தில் முடித்துவிடுகிறேன், ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இனி கருவியைப் பற்றி. பேட்டரி குறைந்தால் ட்ரோன் தானாக ஏற்றிய இடத்துக்குத் திரும்பும், நேர்கோட்டில், நீங்கள் முன்பே வைத்த உயரத்தில். அந்த உயரத்தை எண்பது மீட்டர் என்று வைத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். முப்பது சதவீதம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். தண்ணீருக்கு மேலே தாழ்வாக நிற்காதீர்கள். அடிப்பக்கத்து சென்சார் அலையைப் பார்த்துத் தரை நகர்கிறது என்று குழம்பி ட்ரோனை இழுத்துக்கொண்டு போகும். செம்பருந்தோ கரும்பருந்தோ வட்டமிட்டு நெருங்கினால் அன்றைய பறப்பு முடிந்தது. ட்ரோன் போனால் காசு போகும், பருந்துக்கு விசிறி வெட்டினால் இறக்கையே போய்விடும்.

கம்பத்துக் கேமரா

இதில்தான் எனக்கு இப்போது ஆசை அதிகம். ஒரு தடவை கட்டிவிட்டால் மாதக்கணக்கில் யாரையும் மிரட்டாமல் வேலை செய்யும்.

தானியங்கிக் கேமரா எப்படி விழிக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதித் தவறுகளைத் தவிர்க்கலாம். அதன் சென்சார் வெறும் அசைவைப் பார்ப்பதில்லை, பின்னணியைவிடச் சூடான அல்லது குளிர்ந்த ஒன்று குறுக்கே நகர்வதைப் பார்க்கிறது. அதனால் பாம்பும் ஆமையும் பெரும்பாலும் சிக்காது, அவற்றின் உடம்பும் தரையும் ஒரே சூட்டில் இருக்கும். காவிரிக் கரையில் நீர்நாய்க்குக் கேமரா வைப்பவர்களுக்கும் இதே பாடுதான். தண்ணீரிலிருந்து ஏறும்போது அதன் ரோமம் குளிர்ந்திருக்கும், கேமரா விழிக்காது. சித்திரை வெயிலில் தரையே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடுவதால் நண்பகலில் எதுவும் பதிவாகாது. ஆனால் வெயிலில் காய்ந்த கோரை காற்றில் ஆடினால் விடாமல் படம் எடுத்துத் தள்ளும். முதல் தடவை கார்டை எடுத்துப் போட்டுப் பார்த்தபோது மூவாயிரத்துச் சொச்சம் படம். எல்லாம் கோரை.

இப்போது நான் வைக்கிற விதம் இது. இரும்பு ஆங்கிளை சேற்றில் ஒரு மீட்டருக்கு மேல் அடித்து இறக்கிவிடுவேன். சவுக்குக் கம்பு ஆடும், ஆடினால் கேமராவுக்கு உலகமே ஆடும். கேமரா முழங்கால் உயரம், வடக்குப் பார்த்து. கிழக்கையோ மேற்கையோ பார்த்தால் காலையிலும் மாலையிலும் வெயில் நேராக விழும். முன்னால் மூன்று மீட்டருக்குக் கோரையை வெட்டி வழிவிடுவேன், கூடு இல்லை என்று பார்த்துக்கொண்டு. தடம் எங்கே என்று ஈரமண்ணில் பார்த்து, விலங்கு குறுக்கே நடக்கிற மாதிரி வைப்பதைவிட, சற்றுச் சாய்வாக நம்மை நோக்கி வருகிற மாதிரி வைத்தால் படத்தில் தங்கி நிற்கும். இரவுக்கு 940 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு உள்ள கேமரா நல்லது. 850 என்றால் விளக்கு லேசாகச் சிவந்து தெரியும், விலங்கும் பார்க்கும், திருடனும் பார்ப்பான்.

பறவைகளை எண்ண அசைவு சென்சாரை நம்பாமல் நேரக்கணக்கில் எடுக்க விடுங்கள். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை பத்து நிமிடத்துக்கு ஒரு படம். நாளைக்கு 73 படம், மாதத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். 32 ஜிபி கார்டு தாராளமாகத் தாங்கும். அதே படத்துக்குள் விழும்படி அரை அடிக்கு ஒரு கோடு போட்ட கம்பு ஒன்றைத் தண்ணீரில் நட்டுவையுங்கள். தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கும்போது எந்தப் பறவை வந்தது என்று ஒரே படத்தில் தெரிந்துவிடும். தண்ணீர் கணுக்காலுக்கு வற்றும்போதுதான் எங்கள் கண்மாய்க்குக் கரண்டிவாயன்கள் வந்தன. அந்தக் கம்பு இல்லையென்றால் இதை நான் கவனித்திருக்க மாட்டேன்.

பேட்டரி நிக்கல் வகை ரீசார்ஜ் போடுங்கள், கேமராவுக்கு இரண்டு செட். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. மூடியின் ரப்பர் விளிம்பில் மண்துகள் இருந்தாலும் மழை உள்ளே போய்விடும், மூடும்போது விரலால் ஒரு சுற்றுத் துடையுங்கள். எறும்பு உள்ளே கூடு கட்டும், அதற்குக் கம்பத்தின் அடியில் கிரீஸ் தடவினால் போதும். ஐப்பசி பிறந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், வரத்துக்கால் திறந்தால் ஒரே இரவில் தண்ணீர் ஏறிவிடும்.

கண்மாய்க்கு வருகிற மனிதர்கள்

கண்மாய் பறவைகளுக்கு மட்டும் சொந்தமில்லை. பெண்கள் குளிக்க வருகிறார்கள், விடியலில் ஒதுங்க வருகிறார்கள், விறகுக்கு வருகிறார்கள். கார்பெட் புலிகள் காப்பகத்தில் விலங்குகளுக்காக வைத்த கேமராக்களும் ட்ரோன்களும் அங்கே காட்டுக்குப் போகிற பெண்களை எப்படி அச்சுறுத்தின என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் எழுதினார்கள். ஒரு பெண்ணின் அந்தரங்கப் படம் வாட்ஸ்அப்பில்கூடச் சுற்றியது. அதைப் படித்த அன்று நான் என் இரண்டு கேமராக்களைக் கழற்றி வேறு இடத்துக்கு மாற்றினேன்.

கேமரா வைக்கும் முன் மகளிர் குழுக் கூட்டத்தில் போய்ச் சொல்லுங்கள். எங்கே வைக்கக் கூடாது என்று அவர்களையே கேளுங்கள். எங்கள் ஊரில் ஒரு அக்கா, “மேலமடைப் பக்கம் மட்டும் வேணாம் தம்பி” என்றார். காரணம் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. கம்பத்தில் தமிழில் ஒரு அட்டை கட்டுங்கள்: கேமரா இருக்கிறது, எதற்காக, யாரைக் கூப்பிடலாம். மனிதர்கள் விழுந்த படங்களை வேறு யாரும் பார்க்கும் முன் அழித்துவிடுங்கள். ட்ரோனும் அப்படித்தான், படித்துறைக்கு மேலே போகாத வழியாகத்தான் போக வேண்டும்.

எண்ணுவது

கார்டை எடுத்து வந்த அன்றே இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். கோப்புறையின் பெயரில் கண்மாய், தேதி, உயரம் மூன்றும் இருக்கட்டும்.

ட்ரோன் படத்துக்கு நான் டாட்டாட்கூஸ் என்ற இலவச மென்பொருளை வைத்திருக்கிறேன், அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்டது. ஒவ்வொரு பறவைமேலும் ஒரு புள்ளி வைக்க வேண்டும், இனத்துக்கு ஒரு நிறம், கூட்டல் அது பார்த்துக்கொள்ளும். இரண்டு படங்கள் எந்த மரத்தில் ஒன்றோடொன்று சேர்கின்றன என்று முதலில் கோடு போட்டுக்கொண்டால் இரட்டைக் கணக்கு வராது. ஆசிரியரும் நானும் தனித்தனியாக எண்ணுவோம். பத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் சேர்ந்து உட்கார்ந்து மறுபடி எண்ணுவோம். கம்பத்துக் கேமரா படங்களில் வெற்றுப் படங்களைக் கழிக்க மெகாடிடெக்டர் என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் உதவும். ஆனால் அது வெற்று என்று ஒதுக்கியதிலும் நூறு படத்தை எடுத்துக் கண்ணால் பாருங்கள், சின்னப் பறவை ஏதாவது ஒளிந்திருக்கும்.

கணக்கை ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கும் வனத்துறையின் ஒருங்கிணைந்த கணக்கெடுப்புக்கும் கொடுங்கள், பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கிற ஈபேர்டு இணையதளத்திலும் ஏற்றுங்கள். எந்த முறையில் எண்ணியது என்று கட்டாயம் எழுதுங்கள். கரையில் நின்று எண்ணிய போன வருடக் கணக்கையும் ட்ரோனில் எண்ணிய இந்த வருடக் கணக்கையும் பக்கத்தில் வைத்து, பறவை பெருகிவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. கூடு உள்ள படங்களை முகநூலில் போடுவதாக இருந்தால் படத்துக்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். கொக்குக்கு வலை போடுகிறவர்களும் முகநூல் பார்க்கிறார்கள்.

ஒரு படத்தை மட்டும் பெரிதாக அச்சுப் போட்டு ஊர் டீக்கடைக்குக் கொண்டுபோங்கள். போன தை மாதம் நான் கொண்டுபோனேன். 91 கூடு என்று எண்ணி, ஒவ்வொன்றையும் வட்டம் போட்டிருந்தேன். நீர்ப்பாய்ச்சிப் பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தார். பிறகு விரலை வைத்து, “இது இல்ல, இது இல்ல, இந்தா இதும் இல்ல. போன வருசத்துக் கூடு தம்பி. பச்சை இலை கொண்டாந்து வைக்கல பாரு. கீழ இலையில எச்சமும் இல்ல” என்றார். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். மற்றக் கூடுகளில் புதுத்தழை பச்சையாகத் தெரிந்தது, கீழ்க்கிளை வெள்ளையடித்த மாதிரி இருந்தது. அவர் காட்டிய மூன்றிலும் வெறும் சுள்ளி. 88 என்று திருத்தி, படத்தைப் பார்த்துச் சரிசெய்தவர் என்ற இடத்தில் அவர் பெயரையும் எழுதி அனுப்பினேன்.